அவர்கள் அடித்தார்கள்

கல்லூரி ஹாஸ்டல், திருச்சி
8-7-57

அன்புள்ள அக்கா செங்கமலத்துக்கு,

தம்பி முத்துராமன் எழுதிக்கொண்டது. உடம்பு சுகம், மனசுதான் கொதிக்கிறது. அங்கே நீயும் மச்சானும் உன் மாமியாரும் சௌக்கியம்தானே?

போன வருஷம் புகுமுக வகுப்பை நெட்டுருப் போட்டே தாண்டிவிட்டேன். இந்த பி.ஏ. வகுப்பில் அது நடக்காது போலிருக்கிறது. வாரம் ஒரு காம்போசிஷன் எழுத வேண்டும், எல்லாம் இங்கிலீஷில். போன வாரத் தலைப்பு ‘என் வீட்டில் ஒரு நாள்’. லெக்சரர் என் நோட்டை வகுப்பு நடுவே தூக்கிப் பிடித்து, இது இங்கிலீஷா அல்லது உங்கள் ஊரில் மட்டும் பேசுகிற பாஷையா என்று கேட்டார். சிரித்தவன்களில் பாதிப் பேர் என்னைவிட மோசமாக எழுதுகிறவன்கள். தமிழில் யோசிக்காதே, இங்கிலீஷிலேயே யோசி என்கிறார். பள்ளிக்கூடத்தில் கணக்கு, பூகோளம் எல்லாம் தமிழில் படித்தவன் திடீரென்று எதில் யோசிப்பான்? நம் ஆத்தா என்னை இங்கிலீஷிலா திட்டி வளர்த்தாள்?

இங்கே ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். என் அறையில் இருக்கும் தங்கமுத்து தீபாவளியைப் பற்றி ஒரு கட்டுரை உருப்போட்டு வைத்திருக்கிறான். ரயில்வே ஸ்டேஷனைப் பற்றி எழுதச் சொன்னால், தீபாவளிக்கு ஊருக்குப் போக ஸ்டேஷனுக்குப் போனேன் என்று இரண்டு வரி எழுதிவிட்டு, மீதிப் பக்கம் முழுக்க வெடி வெடிப்பான். அடுத்த அறை ஜெய்னுலாப்தீன் புத்தகங்களிலிருந்து பெரிய பெரிய தொடர்களாகப் பொறுக்கி வைத்திருக்கிறான். முதலில் அவற்றைத் தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு, இடையில் இருக்கும் சந்துகளை நிரப்புவான். நான் தமிழில் எழுதிக்கொண்டு, அகராதியை வைத்து வரிக்கு வரி மாற்றுகிறேன். மாற்றுவது கூட வந்துவிடும், தமிழில் எழுதுவதற்கே எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வருஷக் கடைசியில் இங்கிலீஷில் தவறினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு சித்தப்பா வயலுக்கு வர வேண்டியதுதான். நீ எட்டாவதோடு நின்றாலும் உன் கடிதத்தைப் படித்தால் எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். நீளமாக எழுது.

இப்படிக்கு,
தம்பி முத்துராமன்


குளத்தூர்
21-7-57

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசிர்வாதம். இங்கே மழையும் இல்லை, சுகத்துக்கும் குறைச்சல். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அந்த லெக்சரரை ஒரு நாள் இந்தப் பக்கம் வரச் சொல். வயலில் இறங்கிக் களையெடுக்கிற பொம்பளைகளோடு அவர் தமிழைப் பேசட்டும், அவர்கள் சிரிக்காமல் இருக்கிறார்களா பார்ப்போம். தெரியாததைப் படிக்கத்தானே காலேஜுக்கு அனுப்பினோம்? தெரியாது என்று சிரிக்கிறவனுக்கு எதற்குச் சம்பளம்? நீ தலையைத் தொங்கப் போடாதே. நடந்ததை நடந்தபடி எழுது, பேசுகிறபடி எழுது.

ஒன்று சொல்கிறேன், மனசோடு வைத்துக்கொள். உன் மச்சானுக்கு இப்போதெல்லாம் தொட்டதற்கெல்லாம் கோபம். பஸ்ஸில் நாள் முழுக்கக் கத்திக்கொண்டே டிக்கெட் கொடுத்துவிட்டு, அந்தக் கத்தலோடேயே வீட்டுக்குள் வருகிறார்கள். போன வெள்ளிக்கிழமை சோறு சுடவில்லை என்று ஆரம்பித்தது. அவர்கள் தட்டைத் தூக்கி எறிந்தார்கள். நான் குனிந்து பொறுக்கினேன். குனிந்த முதுகில் அவர்கள் அடித்தார்கள். ஏன் என்று கேட்டேன். கேட்டதற்கும் அடித்தார்கள்.

அத்தைதான் ஓடி வந்து நடுவில் நின்றது. பெற்ற மகன் என்று பார்க்காமல், “அடிச்ச கையி வெளங்குமாடா ஒனக்கு?” என்று கேட்டது. அத்தை நின்றால் அவர்கள் கை இறங்கிவிடும். இந்த வீட்டில் எனக்கு அத்தை ஒன்றுதான் துணை.

ஆத்தாவிடம் மூச்சு விடாதே. கேட்டால் அது தாங்காது.

இப்படிக்கு,
அக்கா செங்கமலம்


திருச்சி
15-8-57

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் எல்லோர் நலத்துக்கும் கடவுள் துணை.

ஒரு சந்தோஷ சமாசாரம். இந்தத் தடவை என் காம்போசிஷனை லெக்சரர் வகுப்பில் உரக்கப் படித்தார். அதே வகுப்புத்தான், ஒரு பயல் சிரிக்கவில்லை. சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதியிருக்கிறாய், இப்படித்தான் எழுத வேண்டும் என்றார். நீ சொன்ன யோசனைதான் கைகொடுத்தது.

இனிமேல் நீ எழுதும்போது எது முதலில் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று வரிசையாக எழுது. யார் என்ன சொன்னார்கள் என்பதையும் விடாமல் எழுது. எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஆண்டியப்பன் மச்சானைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். நன்றாக இருக்கிறார்.

தம்பி முத்துராமன்


குளத்தூர்
2-9-57

தம்பிக்கு,

நீ நலம் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். நான் எப்படி இருக்கிறேன் என்று உன் கடிதத்தில் தேடித் தேடிப் பார்த்தேன், அந்தக் கேள்வியே இல்லை.

அடி வாங்கினேன் என்று எழுதினால், இன்னும் விவரமாக எழுது என்கிறாயே, நீ என்ன ஜென்மம்? கதையா கேட்கிறாய்? டீ வாங்கிக் கொடுத்தார்களாம், நன்றாக இருக்கிறார்களாம். அவர்கள் நன்றாக இல்லை என்று யார் சொன்னது? அந்த டீயைக் குடிக்கும்போது உனக்குத் தொண்டையில் சிக்கவில்லையா?

இருந்தாலும் எழுதுகிறேன். உன்னை விட்டால் சொல்ல ஆள் இல்லையே, அந்தக் கொழுப்புத்தான் உனக்கு.

ஆடிக் கடைசியில் வேலூருக்குப் போயிருந்த பக்கத்து வீட்டுச் செவந்தி திரும்பி வந்தாள். அவளோடு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். என்னத்தைப் பேசினாய் என்று அவர்கள் கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லாததற்கு அவ்வளவு நேரமா என்று கையைப் பிடித்து முறுக்கினார்கள். வளையல் உடைந்து கிழித்துவிட்டது. அத்தை மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டது. அன்றைக்கு மகனுக்குச் சோறு போடவில்லை. வாசல்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு, “என்னத் தாண்டிப் போயி அவளத் தொடு பாப்போம்” என்றது.

நீ ஒரு சனிக்கிழமை வா. சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். சண்டை போட வேண்டாம், வந்து நின்றால் போதும். இதைத்தான் உன்னிடம் கேட்கிறேன், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா


திருச்சி
20-10-57

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

டெர்மினல் பரீட்சை நடந்தது. பிறகு மழை. சித்தப்பாவுக்கு நடவு நேரம், இப்போது கூப்பிட்டால் கோபித்துக்கொள்வார். மச்சான் குணமும் உனக்குத் தெரியும். நான் போய்க் கேட்டால் அது உனக்குத்தான் கஷ்டமாக முடியும் என்று தோன்றுகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள். எல்லாம் சரியாகிவிடும்.

இங்கிலீஷில் நான்தான் இப்போது வகுப்பில் இரண்டாவது. தங்கமுத்துகூட தீபாவளியை விட்டுவிட்டு, எப்படி எழுதுகிறாய் என்று என்னிடம் கேட்கிறான். வார்த்தையைத் தேடிக்கொண்டு போகாதே, முதலில் யாராவது சொன்ன ஒரு விஷயத்தைக் கையில் வைத்துக்கொள், வார்த்தை பின்னால் வரும் என்று சொன்னேன். காலேஜ் மேகசினில் என் கட்டுரை ஒன்று வரப் போகிறது. முதல் வருஷத்துப் பையன் எழுதியதைப் போடுவது இதுதான் முதல் தடவையாம்.

ஒரு சின்ன சந்தேகம். தட்டை எறிந்த அன்று, அது வெண்கலத் தட்டா, ஈயத் தட்டா? சுவரில் பட்டதா, தரையில் விழுந்ததா?

தம்பி முத்துராமன்


குளத்தூர்
4-11-57

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

வெண்கலத் தட்டு. சுவரில் பட்டு என் காலடியில் விழுந்தது. போதுமா?

உன் கட்டுரை அச்சில் வருவது பெருமைதான். எதைப் பற்றி எழுதியிருக்கிறாய் என்று சொல்லவில்லையே. வந்ததும் ஒன்று அனுப்பு. என் கொழுந்தன் நல்லதம்பி கீரனூர் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்தானே, படித்துத் தமிழில் சொல்லச் சொல்கிறேன். என் தம்பி எழுதியது என்று இந்த வீட்டில் நானும் ஒரு நாள் தலை நிமிர்ந்து உட்காருகிறேன்.

நீ வரவில்லை என்பதை நான் மறக்கவில்லை.

செங்கமலம்


திருச்சி
2-12-57

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

மேகசின் பிரதிகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. எனக்கே ஒன்றுதான் கிடைத்தது. அதுவும் சும்மா பாடத்துக்காக எழுதியது, உனக்கு அதில் ஒன்றும் இருக்காது. இங்கிலீஷில் எழுதினால் தமிழில் திருப்பிச் சொல்லும்போது சப்பென்று ஆகிவிடும். நல்லதம்பி அண்ணனை இதற்காகத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

பொங்கலுக்கு வர முயற்சி செய்கிறேன்.

தம்பி


குளத்தூர்
19-1-58

முத்துராமனுக்கு,

சுகமா என்று கேட்கிற நிலைமையில் நான் இல்லை, நீயும் கேட்காதே.

பொங்கலுக்கு நீ வரவில்லை. உன் கட்டுரை வந்தது. அரிசி மில்காரர் மகன் உன் காலேஜில்தான் படிக்கிறானாம். அவன் கொண்டுவந்ததைக் கொழுந்தன் வாங்கி வைத்து, மாட்டுப் பொங்கலன்று வீட்டுக்கு எடுத்து வந்தது. “அண்ணி, ஒங்க தம்பி எழுதுனது அச்சுல வந்திருக்கு, படிக்கிறேன் கேளுங்க” என்று எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தது. நானும் வெட்கங்கெட்டுப்போய் அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தேன்.

முதல் இரண்டு வரியிலேயே எனக்குக் காது அடைத்துவிட்டது. சோறு சுடவில்லை. வெண்கலத் தட்டு. குனிந்த முதுகு. என் வாயிலிருந்து வந்தது அத்தனையும் உன் இங்கிலீஷுக்குள் போய், கொழுந்தன் வாய் வழியாகத் திரும்பி வருகிறது. மஞ்சள் பற்றுக் கூட இருந்தது. அடப்பாவி, மனசோடு வைத்துக்கொள் என்றுதானே எழுதினேன்? என் பெயரைப் போடவில்லையாம். உன் பெயரைப் போட்டிருக்கிறாயே, உனக்கு எத்தனை அக்கா?

அது மட்டுமென்றால் அவமானம் என்னோடு போயிருக்கும். படித்துக்கொண்டே வந்த கொழுந்தன் முகம் சுருங்கிவிட்டது. “அண்ணி, ஒருத்தர் அடிச்சா இங்கிலீஷுல ‘ஹி’ன்னு வரும். இதுல முச்சூடும் ‘தே’ன்னு போட்டிருக்கு. அப்பிடின்னா வீட்டுல உள்ளவுக எல்லாருஞ் சேந்து அடிச்சாகன்னு அர்த்தம்” என்றது. நான் எழுதிய ‘அவர்கள்’ ஒரே ஒரு ஆள்தான் என்பது உனக்குத் தெரியாதா? கட்டினவனை அவன் இவன் என்று சொல்லக் கூடாது என்று வாயால் அவுக என்கிறேன், எழுத்தில் அவர்கள் என்கிறேன். நம் ஆத்தா அப்பாவை என்ன சொல்லும், அவுக என்றுதானே? அப்பா என்ன ஒரு கூட்டமா?

அத்தை என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். “ஏத்தா, நானுமா ஒன்ன அடிச்சேன்?” என்றது. தம்பி தப்பாக எழுதிவிட்டான் அத்தை என்று காலைப் பிடித்தேன். “படிச்ச புள்ள தப்பா எழுதுவானா? நீ சொல்லாமயா எழுதுனான்?” என்றது. அவர்களோ மூலையில் உட்கார்ந்து பல்லைக் குத்திக்கொண்டு, “பாத்தியா ஆத்தா, ஒன்னையுஞ் சேத்துல்ல எழுதி வச்சிருக்கா” என்று சிரித்தார்கள். அடித்த ஆள் சிரிக்க, தடுத்த ஆள் அழுதது.

அத்தை கொழுந்தனோடு கீரனூருக்குப் போய்விட்டது. வாசல்படியில் குறுக்கே உட்கார இனிமேல் இந்த வீட்டில் ஆள் இல்லை. அவர்களுக்கும் அது தெரியும். இந்தக் கடிதத்தை இடது கையால் தாளைப் பிடிக்க முடியாமல் உலக்கையைத் தூக்கி வைத்து எழுதுகிறேன்.

செங்கமலம்


திருச்சி
27-1-58

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்து மிகவும் வருத்தப்பட்டேன். ஆனால் நீ இப்படி ஏசியிருப்பது நியாயமில்லை.

நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நீ ‘அவர்கள்’ என்று எழுதினாய். அகராதியில் அவர்கள் என்பதற்கு ‘தே’ என்றுதான் போட்டிருக்கிறது. அடித்தார்கள் என்பதும் பன்மை வினைதான். இலக்கணப்படி நான் செய்தது சரி. லெக்சரர் கூட எல்லாவற்றையும் திருத்தினாரே தவிர அதைத் திருத்தவில்லை. யார் அடித்தார்கள் என்று சொல்லாமல் ‘அவர்கள், அவர்கள்’ என்று போட்டதில்தான் கட்டுரைக்கே பலம் வந்தது, ஒரு குடும்பம் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது என்று பாராட்டினார். அவரிடம் போய், அது ஒரு ஆள்தான் சார், நான் தப்பாக எழுதிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? மறுபடி பழைய முத்துராமன் ஆகிவிடுவேன். அந்தச் சிரிப்பை நீ கேட்டதில்லை.

வேண்டுமானால் உன் மாமியாருக்கு நான் ஒரு கடிதம் எழுதுகிறேன். பரீட்சை முடிந்ததும் நேரில் வந்தும் சொல்கிறேன்.

லெக்சரர் இதற்கு இரண்டாம் பாகம் எழுதச் சொல்லியிருக்கிறார். கோபத்தை விட்டுவிட்டு, பிறகு என்ன நடந்தது என்று எழுது. இந்தத் தடவை தவறு வராமல் பார்த்துக்கொள்கிறேன். கைக்கு மருந்து போட்டாயா?

தம்பி முத்துராமன்


கீரனூர்
16-2-58

முத்துராமனுக்கு,

கைக்கு மருந்து போட்டாயிற்று. பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். இந்த ‘ஆர்கள்’ நிஜமாகவே இரண்டு பேர், ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். இலக்கணம் பிசகிவிடப் போகிறது, குறித்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டேன். அகராதியில் போட்டிருக்கிறதாம். அகராதியா என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தது? உன்னைப் பார்த்து வகுப்பு சிரிக்கக் கூடாது, அதற்கு அத்தை அழுதால் பரவாயில்லை, என் கை உடைந்தால் பரவாயில்லை. அத்தைக்குக் கடிதம் எழுதுகிறேன் என்கிறாய். நீ எழுதவே வேண்டாம், சாமி. எழுதின வரைக்கும் போதும்.

உன்னை நம்பினால் ஆகாது என்று தெரிந்த மறுநாளே நான் கிளம்பிவிட்டேன். கொழுந்தன் வீட்டு வாசலில் அத்தை புளி கொட்டையெடுத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வழியெல்லாம் என்ன சொல்வது என்று கூட்டிக்கூட்டிப் பார்த்தேன். அவுக என்று ஆரம்பித்தாலே மறுபடி அந்தக் கூடத்துக்குத்தான் போய் நிற்கும் என்று தோன்றியது. நேரே போய் உட்கார்ந்தேன்.

“அத்தை, ஒங்க மகன் அடிச்சான். அவன் ஒருத்தன்தான் அடிச்சான். அன்னிக்கும் அவன்தான், இன்னிக்கும் அவன்தான்” என்றேன்.

அத்தை கையில் இருந்த புளியைக் கீழே போட்டுவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் அப்படிச் சொல்லி அது கேட்டதில்லை. எனக்கே அது யாரோ சொன்ன மாதிரிதான் இருந்தது. அடிக்கப் போகிறது, வெளியே போ என்று சொல்லப் போகிறது என்று நினைத்தேன். கட்டுப் போட்ட கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “இப்பிடி அந்த அச்சுல போட்டிருந்தா நான் ஏன்டி வீட்ட விட்டு வாரேன்?” என்றது. பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, வா போவோம் என்றது.

ஸ்டாண்டுக்கு வந்தால் அவனுடைய பஸ்தான் நிற்கிறது. அத்தை விடவில்லை, இதிலேயே ஏறு என்றது. அவன் பையை மாட்டிக்கொண்டு வந்தான், எங்களைப் பார்த்து நின்றான். பஸ் முழுக்கத் தெரிந்த முகங்கள். நான், “ரெண்டு குளத்தூர் குடு” என்றேன். குடுங்க என்று சொல்லவில்லை. முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் செத்துப்போயிற்று. அத்தை எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஆள் விடாமல் கேட்கும்படி, “எம் பேருல இருக்குற வீடு அது. இனிமே அங்கிட்டு நீ வராத. ஒந் துணிமணிய டெப்போவுக்கு அனுப்பிவிடுறேன்” என்றது. டிரைவர் செல்லமுத்து பஸ்ஸை எடுக்காமல் அது உட்காரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின் படிக்குப் போய்விட்டான்.

நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. ஊர் கூடி அவனைச் சேர்த்துக்கொள் என்று சொல்லலாம். அத்தை மனசு மாறலாம். பயமாகத்தான் இருக்கிறது. இன்றைக்கும் கட்டு மாற்றத்தான் கீரனூருக்கு வந்தோம், அத்தை கூடவே வந்திருக்கிறது. போஸ்டாபீசு வெளியில் வெற்றிலை போட்டுக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருக்கிறது.

இனிமேல் நான் உனக்கு எழுத மாட்டேன். பரீட்சை முடிந்து வருகிறேன் என்று எழுதியிருந்தாய், வர வேண்டாம். நீ கேட்ட இரண்டாம் பாகம் கீழே இருக்கிறது. சின்னச் சின்ன வாக்கியங்கள்தான், உன் லெக்சரருக்குப் பிடிக்கும்.

ஆண்டியப்பன் அடித்தான். முத்துராமன் படித்துக்கொண்டிருந்தான்.

இரண்டும் ஒருமை.

செங்கமலம்